அந்தியூரிலிருந்து வந்த நான்காவது அட்டை

அந்த அட்டை வந்த செவ்வாய்க்கிழமை, தபால்காரர் அருளானந்து தன் ஸ்கூட்டரைக் கணபதி தபால் நிலையத்திலிருந்து எங்கள் கம்பெனி வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார், ஏனென்றால் பையோடு மேம்பாலம் ஏறமாட்டேன் என்று வண்டி அடம் பிடித்தது, ஏறமாட்டேன் என்கிற வண்டியை உதைத்துப் புண்ணியமில்லை என்பதை இருபத்தாறு வருட சர்வீசில் அவர் கற்றிருந்தார். மாடிப்படி ஏறி, பையை மேசையில் வைத்து, காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒரு கார்டு கொஞ்சம் கனமுங்க அம்மிணி, பாத்து எடுங்க" என்று மட்டும் அட்டை பிரிக்கிற துளசிமணியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பையைக் கவிழ்த்ததும் மஞ்சள் அட்டைகள் சரிந்தன, அதில் ஒன்று மட்டும் மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் குப்புற விழுந்தது. ஆட்டுக்கல்லை மாடியிலிருந்து போட்டால் என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம். கிளாசிலிருந்த டீ ஒரு சாண் எழும்பித் திரும்பக் கிளாசுக்குள்ளேயே விழுந்தது. கீழே பேக்கிங் ஹாலில் பன்னிரண்டு பெண்களின் தலையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

எங்கள் கம்பெனி மாவரசி வெட் கிரைண்டர் செய்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஸ்டாம்பு தேவையில்லாத மஞ்சள் அட்டை ஒன்று போகும், அதில் 'உங்கள் சொல்லே எங்கள் கல்' என்று அச்சடித்திருக்கும், வாங்கியவர்கள் மனதிலிருப்பதை எழுதித் தபாலில் போட்டால் அது மாடியிலிருக்கும் வாடிக்கையாளர் குரல் பிரிவுக்கு வந்து சேரும். அங்கே மூன்று பெண்கள், ஐந்து தட்டுகள்: நிறம், சத்தம், விலை, பரிசு, மற்றவை. சட்டங்களும் உண்டு. முதல் வரியை மட்டும் படி, மணிக்கு நானூறு முடி. மாடல் எண் போடாத அட்டை மற்றவையில் போகும். ஒரே கையெழுத்தில் எத்தனை வந்தாலும் நூல் கட்டி ஒன்றாகவே எண்ணு, ஒரு ஆள் நாலு தரம் கத்தினால் நாலு ஆளாகிவிட முடியாது. நூறைத் தொட்ட விஷயம் வெள்ளைப் பலகையில் முதல் வரிசைக்கு ஏறும், தொடாதது ஏறாது. மற்றவையில் விழுந்தது மாதக் கடைசியில் இயந்திரத்தில் நார் நாராகக் கிழிபட்டுக் கீழே பேக்கிங்குக்குப் போகும், கல்லுக்கு அடியில் மெத்தையாக. இப்படி ஒருத்தி எழுதிய வருத்தம் துண்டுதுண்டாக இன்னொருத்தி வீட்டுக்குப் பயணம் போய், வழியில் கல் உடையாமல் பார்த்துக்கொண்டது. எங்கள் கம்பெனி வாடிக்கையாளரின் எந்தச் சொல்லையும் வீணாக்கியதில்லை.

பிரிவின் தலைவர் நவநீதன், முதலாளி சென்னியப்பனின் மருமகன், பெங்களூரில் படித்தவர், மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிறவர். அவர் மேசைக்கு மேலே, சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சின்ன இரும்புப் பின் தொங்கியது. மாவை வழிப்பதற்காக கிரைண்டரைச் சாய்க்கும்போது கல் தொட்டி மளாரென்று கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்கிற லாக் பின் அது. முன்பு கட்டைவிரல் பருமனிருந்தது. இரண்டு வருடம் முன்னால் நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள், சாய்க்க இறுக்கமாக இருக்கிறது என்று வந்தன, நூறைத் தாண்டிய விஷயமல்லவா, உடனே பின்னைப் பென்சில் பருமனுக்குக் கடைந்து மெலிதாக்கினார்கள், பூப்போலச் சாய்ந்தது. பழைய தடிப்பின்களை மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள். புதுப்பின்னுக்குச் சட்டம் போட்டு, கீழே 'கேட்டோம், செய்தோம்' என்று எழுதி மாட்டினார்கள். யார் வந்தாலும் நவநீதன் அந்தப் பின்னைக் காட்டாமல் விடமாட்டார், பெற்ற குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டுவார்.

விழுந்த அட்டையை எடுக்கக் குனிந்த துளசிமணிக்கு நாற்பத்து மூன்று வயது, அந்தத் தட்டுகளுக்கு முன்னால் பதினொரு வருடம். விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள், நகம் உடைந்தது. லோடுமேன்கள் மூன்று பேர் வந்தார்கள், கடப்பாரை கொடுத்தார்கள், கடப்பாரை வளைந்தது. கல் குடோனிலிருந்து சங்கிலிக் கப்பியைக் கொண்டுவந்து உத்தரத்தில் கட்டினார்கள், ஆனால் கொக்கி மாட்டுவதற்கு அட்டையில் இடமில்லை. "காயிதத்துக்கு ரெண்டு பக்கமும் காது வெச்சிருந்தா, எப்பவோ தூக்கிக் கடாசியிருக்கலாம்" என்று அவர்களில் பெரியவர் பீடியை எடுத்துக் காதில் சொருகிக்கொண்டு போனார். உள்ளங்கை அகல அட்டை எப்படி இவ்வளவு கனக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: எந்தத் தட்டு?

"எத்தனை கார்டுங்க அக்கா?" என்றார் நவநீதன்.

"ஒண்ணுதானுங்க சார். ஆனா தூக்க முடியலீங்க."

"ஒண்ணுன்னா ஒண்ணு. கனத்துக்கு நம்மகிட்டக் கட்டமே இல்லையே." பலகையில் மற்றவைக்கு நேராக ஒன்று என்று எழுதினார், மூடியைப் பேனாவில் மாட்டினார், விஷயம் முடிந்தது.

பிறகு கம்பெனி அந்த அட்டையைச் சுற்றி வாழப் பழகியது. முதல் வாரம் யாரும் தடுக்கி விழாமலிருக்க சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். இரண்டாவது வாரம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் கால்கள் தாமாகவே விலகி நடக்கக் கற்றுக்கொண்டன, துடைப்பம் தானாகவே வளைந்து போனது, மேலே ஒரு மேசையைப் போட்டு அதில் ஜெராக்ஸ் மெஷினை வைத்தார்கள். முதலாளி சென்னியப்பன் வந்து பார்த்தார், வெறுங்காலால் தொட்டு, தொட்ட காலுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கல்லு யாவாரத்துக்குக் கனம் வர்றது நல்லதுதானுங்க மாப்ள" என்றார், ஆயுத பூஜையன்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். டீலர்கள் வந்தால் பின்னைப் பார்த்த பிறகு இதையும் பார்த்தார்கள், சிலர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நவநீதன் ஒரு படிவம் அச்சடித்தார்: தங்கள் அட்டை நல்ல முறையில் வந்து சேர்ந்ததா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நட்சத்திரம் இடவும். அதை யாருக்கு அனுப்புவது என்று தெரியாததால் எல்லோருக்கும் அனுப்பினார். சராசரி நாலேகால் நட்சத்திரம் வந்தது. அதற்கு ஸ்வீட் கொடுத்தார்கள்.

இத்தனை பேர் சுற்றி நின்று, பொட்டு வைத்து, படமெடுத்து, நட்சத்திரம் வாங்கினார்களே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஒருத்திக்குத்தான் தூக்கம் போயிருந்தது.

அட்டை குப்புற விழுந்ததால் முகவரிப் பக்கம் மேலே இருந்தது, முகவரியென்றால் எங்கள் கம்பெனியின் அச்சடித்த முகவரி, அதன் ஓரத்தில் தபால் முத்திரை: அந்தியூர். அந்த முத்திரை துளசிமணிக்குப் புதிதல்ல. அந்த வருடத்தில் அந்தியூரிலிருந்து மூன்று அட்டைகள் அவள் கைக்கு வந்திருந்தன, மூன்றும் பச்சை மை, மூன்றும் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக்கூடிய முத்து முத்தான எழுத்து, மூன்றின் முதல் வரியும் ஒன்றேதான்: நான் குறை சொல்ல எழுதவில்லை. குறை சொல்லாத அட்டைக்குத் தட்டு கிடையாது, மணிக்கு நானூறு என்றால் இரண்டாவது வரிக்கு நேரம் கிடையாது. நூல் கட்டினாள், மற்றவையில் போட்டாள், அது நாராகிக் கீழே போய்விட்டது. இரண்டாவது வரியில் என்ன இருந்தது?

நவநீதனிடம் போய்ச் சொன்னாள். பழி தன்மேல் வந்தாலும் வரட்டும் என்றுதான் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப பழைய ஆளு. ஏற்கெனவே எண்ணியாச்சு. நல்லவேளை சொன்னீங்க" என்று எழுந்துபோய் பலகையிலிருந்த அந்த ஒன்றையும் அழித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறி அந்தியூர் போனாள். மாவரசி டீலர் கடையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த மனிதர், பேரும் இல்லாமல் தெருவும் இல்லாமல் பச்சை மையை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் தேடி வந்திருக்கிற பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "இங்கத்தச் சந்தைக்கு வந்து, போன வாரம் வித்த மாட்டத் தேடுற மாதிரி இருக்குதுங்க நீங்க கேக்கறது. எரநூறு ஊட்டுக்கு வித்திருக்கறனுங்க. எந்த ஊட்டுல பச்ச மை இருக்குதுன்னு நானென்ன எட்டியா பாத்தேன்?" அவள் நாலு தெரு நடந்தாள். எல்லா வீட்டுச் சமையலறையிலிருந்தும் கிரைண்டர் சத்தம் ஒரேமாதிரித்தான் வந்தது. கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

அதற்குள் மேலே வேலை நடந்துகொண்டிருந்தது. படிக்க முடியாத அட்டை படிக்காமலே கிடப்பது தன் பிரிவுக்கு அழகல்ல என்று நவநீதனுக்குத் தோன்றி, கேண்டீனில் ஒரு பெட்டி வைத்தார்: 'அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?' சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தினமும் எதையாவது கிறுக்கிப் போட்டார்கள். விளக்கு எரிய வேண்டும் என்று நூற்றுமூன்று, பாட்டுப் பாட வேண்டும் என்று எண்பத்தெட்டு, எனக்கு இன்கிரிமென்ட் வேண்டும் என்று ஒன்று. விளக்கு நூறைத் தாண்டிவிட்டது. ஆகவே அந்தியூர்க்காரி மனதில் நினைத்தது விளக்குத்தான் என்று முடிவாயிற்று. 'மாவரசி நீலா' என்று புது மாடல் போட்டார்கள், அடிப்பாகத்தில் சுற்றிலும் நீல விளக்கு, உள்ளே அதே பென்சில் பின், ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை முதல் லாரியில் நானூறு பெட்டி போகும் என்று விளம்பரமும் கொடுத்தார்கள். உளுந்து ஊறுகிற வீட்டில் நீல வெளிச்சம் வந்தால் இட்லி எப்படி மெத்தென்று வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாங்கள்தான் விளக்கு என்று எழுதிப் போட்டவர்கள்.

புரட்டாசியில் துளசிமணி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். ஜெராக்ஸ் மேசைக்கு அடியில் தரையில் விரிசல் விட்டிருந்தது, அட்டை தரை மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே போயிருந்தது. மறுவாரம் இரண்டு விரற்கடை. கட்டட என்ஜினியர் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, தளம் மொத்தம் ஆறு அங்குலம், கம்பிகளுக்கு நடுவில் இறங்குகிறது, கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தார். நவநீதனுக்குப் பிடிபடாத சந்தோஷம். "பாத்தீங்களா, நாம ஒண்ணுமே பண்ணலை, பிரச்சினை தானாவே கம்மியாகுது" என்று பலகையில் எழுதினார்: நிலுவைத் தீர்வு, முப்பது சதவீதம். வாராவாரம் ஸ்கேல் விட்டு அளந்து ஏற்றினார். நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபது.

எழுபது என்று எழுதிய அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. எழுத்துப் பக்கம் கீழே பார்த்திருக்கிறது. அட்டை கீழே போகிறது. கீழே பேக்கிங் ஹால்.

மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்கி ஓடினாள். பேக்கிங்கின் மூத்த ஆள் மாராக்கா, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இருபது கிலோ கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டே பேசுகிறவள், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். சுண்ணாம்பு பழுத்த கட்டிபோலப் புடைத்திருந்தது.

"அக்கா, அது இங்கதான் வருது. மூஞ்சி இந்தப் பக்கம்தான் இருக்குது. படிச்சறலாம்."

"அதான் ரெண்டு மாசமா எங்க சோத்துல சுண்ணாம்பாக் கொட்டுதா?" என்றாள் மாராக்கா. "வரட்டும் வரட்டும். மேல படிச்சவங்க இருக்கற எடத்துல படிக்க ஆளில்லாமத்தான எறங்கி வருது."

அதற்கு நேர்கீழே இருந்த பெட்டிகளை நகர்த்தினார்கள். முறைபோட்டு அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்துப் பிடித்துக்கொண்டவளுக்கு அடுத்தவள் தைலம் தேய்த்தாள். தீபாவளி வாரத் திங்கட்கிழமை ஒரு துண்டு சுண்ணாம்பு பெயர்ந்தது, நடுவில் பச்சை மையில் ஒரே ஒரு சொல் தெரிந்தது: நன்றாக.

நவநீதன் ஸ்டூலோடு ஓடிவந்தார், ஏறி நின்று படமெடுத்தார். "நன்றாக! பாராட்டு!" என்று கூவினார். மாலைக்குள் அது டீலர்கள் எல்லோர் போனுக்கும் போய்விட்டது. புதன்கிழமை கீழ் ஓரத்தில் இன்னொரு துண்டு பெயர்ந்தது, அங்கே: மன்னிக்கவும். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நன்றாக, மன்னிக்கவும். தப்பா நெனச்சதுக்கு மன்னிப்புக் கேக்கறாங்க பாருங்க. இப்பிடி ஒரு கஸ்டமர் எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பாங்க?"

துளசிமணி அந்த இரண்டு சொற்களையும் வேறுவிதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை மை அதே மைதான். ஆனால் முத்து முத்தான எழுத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து, கொம்பு ஒரு திசை, சுழி ஒரு திசை, முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதியதுபோல் இருந்தது.

"சார், இது அந்தக் கை இல்லீங்க."

"அப்ப புது ஆளு! இன்னும் நல்லது" என்று நவநீதன் மேலே ஓடிப்போய் பாராட்டு என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு அதில் ஒன்று என்று எழுதினார்.

வியாழக்கிழமை காலை நாமக்கல் லாரி பின்பக்கமாக வந்து ஷட்டருக்கு நேராக நின்றது. நானூறு நீலாவில் முந்நூற்றுத் தொண்ணூறு கட்டி முடித்தாயிற்று. மாராக்கா கூரையைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், ஒட்டடைக் கம்பை எடுத்துப் புடைப்பில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மிச்சச் சுண்ணாம்பு மொத்தமும் பொலபொலவென்று கொட்டியது. துளசிமணி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், முதல் வரியில் ஆரம்பித்து, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக இரண்டாவது வரிக்குப் போனாள். சத்தம் போட்டுப் படித்தாள்.

"நான் குறை சொல்ல எழுதவில்லை. மாவு நன்றாக அரைகிறது. சாய்க்கும்போது லாக் விட்டுப்போய்த் தொட்டி கவிழ்கிறது, கை வைத்தால் நசுங்கும், அடுத்த வீட்டுக்கு அனுப்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை எழுதினேன். இது நான்காவது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இதை இடது கையால் எழுதுகிறேன்."

கடைசிச் சொல் முடிந்ததும் அட்டை கூரையை விட்டுக் கழன்று, எந்த அட்டையும் விழுவதுபோலவே, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆடி ஆடி இறங்கி அவள் கைமேல் உட்கார்ந்தது. கனமே இல்லை. மாராக்கா தன் கையைப் பார்த்தாள். அடுத்த பெட்டிக்கு அடியில் திணிப்பதற்காக அவள் அள்ளி வைத்திருந்த காகித நாரில் அங்கங்கே பச்சை மை ஓடியிருந்தது.

மாராக்கா உட்கார்ந்தாள். உட்கார வேண்டும் என்று உட்காரவில்லை, கால் அவளைத் தாங்கவில்லை. அடுத்து ஒவ்வொருத்தியாக, கேட்டது கேட்டபடி, ஷட்டருக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள், துளசிமணியோடு பதின்மூன்று பேர். அட்டையை விட்டுப் போன கனம் எங்கே போயிற்று என்று லோடுமேன்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துபோனது. மாராக்காவை நகர்த்த மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள், அதே கடப்பாரை ஆட்களாயிற்றே, அனுபவம் இருந்தது, விட்டுவிட்டார்கள். "என்னக்கா ஆச்சு?" என்று பெரியவர் கேட்டார். துளசிமணி அட்டையைப் படித்துக் காட்டினாள். அவர் காதிலிருந்த பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், கூட வந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

நவநீதன் வந்து நிலைமையைப் பார்த்ததும் தேர்ந்த மனிதர் என்பதைக் காட்டினார். "படிக்காதீங்க, படிக்காதீங்க. சுருக்கமா ரெண்டே வார்த்தைல சொல்லுங்க" என்று காதில் போனை வைத்துக்கொண்டார். சுருக்கமாகக் கேட்டவர்களுக்குக் கனம் ஏறவில்லை. அவர் அன்று முழுக்க இறகுபோல ஓடித் திரிந்தார். சென்னியப்பன் வந்தார், முழுதாகக் கேட்க ஆரம்பித்தார், பாதியில் போன் வந்துவிட்டது, அதனால் அவருக்கு இடது கால் மட்டும் கனத்தது, இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார், டாக்டர்கள் நரம்பு என்கிறார்கள்.

"மாப்ள, லாரி நிக்குதுங்க. என்ன பண்றது?"

"மாமா, இவங்க பதினாறு பேரு. நூறு தொட்டாத்தான் முதல் வரிசை. அதுவுமில்லாம இவங்க ஸ்டாஃப். கஸ்டமர் இல்லை."

சென்னியப்பன் தூக்க முடியாத தன் காலைக் குனிந்து பார்த்தார். "எண்ணுங்க மாப்ள" என்றார்.

எண்ணினார். டீ நேரத்துக்கு லேத் செக்‌ஷன் வந்து, ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டது, கேட்டதும் உட்கார்ந்தது. பெயின்ட் செக்‌ஷன் வந்தது. மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பெண்கள் வந்தார்கள். கல் கொத்துகிற நாங்கள், கேண்டீனில் விளக்கு என்று கிறுக்கிப் போட்ட கையோடு, முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து கேட்டோம். படிப்பவளுக்குத் தொண்டை கட்டியதும் அடுத்தவள் வாங்கிப் படித்தாள். அறுபது. எண்பத்திரண்டு. நவநீதன் தன் ஆட்களை மாடியிலேயே கதவடைத்து வைத்துப் பார்த்தார், ஆனால் தரையில் ஓட்டை இருந்ததே, கீழே படித்தது மேலே கேட்டது, மேலேயும் நாற்காலிகள் முறிகிற சத்தம் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரையும் முதலாளியையும் தவிர கம்பெனியில் நிற்கிற ஆளே இல்லை.

"தொண்ணூத்தொம்பது" என்றார் நவநீதன். மூடியைக் கடித்தபடி சிரித்தார். "சாரிங்க அக்கா. ஒண்ணு குறையுது. நான் சட்டத்த மீற முடியாது."

அதுவரைக்கும் லாரிக்குள் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர், நேரமாவதைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார். "லோடு ஏத்துறாப்ல இல்லீங்களா? என்னமோ படிக்கறீங்களே, எவனுக்காச்சும் கல்யாணப் பத்திரிகையா?"

"நீங்களும் கேளுங்கண்ணா" என்றாள் துளசிமணி. குரல் கம்மிப்போயிருந்தது. படித்தாள்.

"அவரு வெளியாளு!" என்று நவநீதன் கத்தினார். "அவரை எண்ண முடியாது!"

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊட்லயும் மாவரசிதானுங்க" என்றார். "இந்நேரம் எம்பொண்டாட்டி மாவு வழிச்சுட்டிருப்பாங்க." அவர் சொல்லி முடிப்பதற்குள் லாரியின் டயர் ஆறும் புஸ்ஸென்று தரையோடு உட்கார்ந்தன.

அன்றைக்குக் கூடியிருந்த அத்தனை பேரில் உண்மையான வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். நூறு.

நவநீதன் பலகைக்குப் போனார். அவர் கை எழுதியது: லாக் பின், முதல் வரிசை. அவர் எழுதி முடித்ததும் ஒவ்வொருவராக எழ முடிந்தது, முதலில் மாராக்கா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. டிரைவர் இறங்கினார், வீட்டுக்குப் போன் போட்டுச் சாய்க்காதே சாய்க்காதே என்று கத்திவிட்டு, வந்து அவரும் ஒரு ஸ்பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாடிப்படிக்கு அடியிலிருந்த மூட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, முந்நூற்றுத் தொண்ணூறு பெட்டியையும் திரும்பப் பிரித்து, விடிவதற்குள் நானூறுக்கும் தடிப்பின் போட்டோம். ஏற்கெனவே விற்றுப்போன கிரைண்டர்களுக்குப் பின் அனுப்புவது பற்றிப் பேச்சு வந்தபோது, அது தனி விஷயம், அதற்குத் தனியாக நூறு வேண்டும் என்றார் நவநீதன். மாராக்கா மூட்டையில் மிச்சமிருந்த தடிப்பின்களை மடியில் அள்ளிக் கட்டிக்கொண்டு போனாள். மறுநாள் வந்த அருளானந்தின் பையில், திரும்பிப் போகும்போது, டீலர் முகவரி எழுதிய நூற்றுச் சொச்சம் சின்னப் பொட்டலங்கள் இருந்தன. ஸ்கூட்டர் மேம்பாலத்தில் முனகிக்கொண்டே ஏறியது.

பொங்கலுக்கு விளம்பரம் வந்தது: நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் கேட்டோம், மாவரசி நீலா, இப்போது தங்க நிறப் பாதுகாப்புப் பின்னுடன். நவநீதனுக்குச் சென்னையில் சிறந்த செவிமடுப்பாளர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். மெலிந்த பின் இருந்த சட்டத்தில் இப்போது தடிப்பின் இருக்கிறது, கீழே அதே 'கேட்டோம், செய்தோம்', அதைக்கூட மாற்றி எழுதவில்லை, மாற்றத் தேவையும் இல்லை. தரையிலிருக்கும் ஓட்டைக்கு 'நேரடிக் குரல் வழி' என்று பெயர் வைத்துப் பித்தளையில் விளிம்பு கட்டியிருக்கிறார்கள், டீலர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் போன பிறகு துளசிமணி தட்டில்லாத அட்டைகளை அதன் வழியாக ஒவ்வொன்றாகக் கீழே போடுகிறாள், சாப்பாட்டு வேளையில் பேக்கிங்கில் ஒருத்தி கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படிக்கிறாள். மணிக்கு நானூறு என்பது இப்போது தொண்ணூறுகூட வருவதில்லை என்று துளசிமணிக்கு இரண்டு மெமோ வந்திருக்கிறது.

மாசியில் ஒரு நாள் பையைக் கவிழ்த்தபோது பச்சை மை தெரிந்தது. கையில் எடுத்தாள், வெறும் அட்டையின் கனம்தான்.

"நான் குறை சொல்ல எழுதவில்லை. கடையில் கேட்டு ஒரு பின் வாங்கி வந்து மாட்டிக்கொண்டோம். பக்கத்து வீட்டில் உங்கள் புதுக் கிரைண்டர் வாங்கினார்கள், போய்ச் சாய்த்துப் பார்த்தேன், அதிலும் லாக் நிற்கிறது. அந்த நீல விளக்கு எதற்கு என்றுதான் தெரியவில்லை."

நவநீதன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார், விளக்கு என்கிற சொல் அவர் கண்ணில் பட்டது. "விளக்கு! அதுல ஒண்ணு ஏத்துங்க அக்கா" என்று பலகைக்கு ஓடினார்.

துளசிமணி அந்த அட்டையைத் தட்டிலும் போடவில்லை, ஓட்டையிலும் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். முத்து முத்தாக இருந்தது. இடது கை பழகிவிட்டிருந்தது. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.